வதந்திகளின் வரலாறு – 9: டெல்லிக்கு வந்த மொட்டைக் கடிதம்

1983 ஜூலையில் டெல்லி ‘பேட்ரியட்’ நாளிதழில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் அமெரிக்காவின் பெயர்பெற்ற விஞ்ஞானி, மானிடவியலாளர் என்ற அறிமுகம் இருந்தது, பெயர் இல்லை. எய்ட்ஸ் இயற்கையாகத் தோன்றிய நோயல்ல, மேரிலாண்ட் மாநிலத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ வளாகத்தில் உயிரியல் ஆயுதமாகத் தயாரிக்கப்பட்டது என்றது அந்தக் கடிதம். இத்தகைய சோதனைகள் பாகிஸ்தானுக்கு மாற்றப்படுவதாகவும் அதனால் இந்தியாவுக்கு ஆபத்து இருப்பதாகவும் எச்சரித்தது. இப்படிப்பட்டதை நம்மூரில் மொட்டைக் கடிதம் என்போம். தாலுகா அலுவலகத்தில்கூட அதைக் கோப்பில் சேர்க்குமுன் ஒரு முறை யோசிப்பார்கள். அந்த மொட்டைக் கடிதத்தின் குற்றச்சாட்டு, 1987 முடிவதற்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் செய்தியாகியிருந்தது. அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் ஒன்றின் மாலைச் செய்தியிலும் அது இடம்பிடித்தது.

சென்ற பகுதியில், யூதர்களைப் பற்றிய ஒரு போலி ஆவணத்தை 1920 மே மாதம் லண்டன் ‘டைம்ஸ்’ விசாரணைக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டதையும், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே நாளிதழ் அதைத் திருட்டு நகல் என்று நிரூபித்ததையும் பார்த்தோம். அந்தக் கதையில் ஓர் ஆசிரியரின் முன்முடிவுக்குப் பெரிய பங்கு இருந்தது. இந்தக் கதை வேறு மாதிரியானது. ‘பேட்ரியட்’டிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சி வரை இந்தச் செய்தியைக் கைமாற்றியவர்களில் பலருக்கு அதை நம்பவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று எழுதினால் போதுமானதாக இருந்தது. விளிம்பில் கிடக்கும் ஒரு சதிக் கதை மையத்துக்கு வருவதற்கு யாரையும் நம்பவைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு படியிலும் மேற்கோள் காட்டப்பட்டாலே போதும் என்பதுதான் இந்தப் பகுதியின் வாதம். அதற்கான சான்றுகளை வரிசையாகப் பார்ப்போம்.

பக்குவமாக இருந்த நிலம்

கடிதம் வெளியான நேரத்தைக் கவனிக்க வேண்டும். எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு அமெரிக்காவில் வெளியானது 1981 ஜூனில். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தினர் தாங்கள் கண்ட வைரஸைப் பற்றி எழுதியது 1983 மே மாதத்தில். கடிதம் அதற்கு இரண்டே மாதம் பிந்தியது. நோய் எங்கிருந்து வந்தது என்று மருத்துவ உலகத்துக்கே தெரியாத காலம் அது. அந்த வெற்றிடத்தில் ஊகங்கள் பிறப்பது இயல்பு. நோயால் முதலில் பாதிக்கப்பட்ட அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்களிடையே, இது அரசின் வேலையாக இருக்குமோ என்ற ஐயம் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. ஆக, கடிதத்தை எழுதியவர்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. விளிம்பில் இருந்த ஓர் ஐயத்துக்கு ஒரு முகவரியும் ஒரு விஞ்ஞானியின் வேடமும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவில் அந்த ஐயம் வேர்பிடிக்கக் காரணங்கள் இருந்தன. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து டெல்லியில் நடத்திய கொசு மரபியல் ஆய்வுத் திட்டத்துக்கு அமெரிக்கப் பணம் பின்னணியில் இருந்தது. அதன் உண்மையான நோக்கம் உயிரியல் போர் ஆராய்ச்சியோ என்று பத்திரிகைகளும் நாடாளுமன்றக் குழுவும் கேள்வி எழுப்பிய பிறகு, 1975இல் அது மூடப்பட்டது. 1982 தொடக்கத்தில், லாகூரில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆதரவில் இயங்கிய மலேரியா ஆய்வு மையத்தில் சி.ஐ.ஏ. கொலைகாரக் கொசுக்களை வளர்ப்பதாக மாஸ்கோவின் ‘லிதரத்தூர்னயா கஸெத்தா’ எழுதியது. ஆப்கானிஸ்தான் போரை ஒட்டி அமெரிக்காவும் பாகிஸ்தானும் நெருங்கியிருந்த காலம். ‘பேட்ரியட்’ இடதுசாரிச் சார்பும் சோவியத் நட்பும் கொண்டதாக அறியப்பட்ட நாளிதழ். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பாகிஸ்தானைக் கடிதம் ஏன் இழுத்தது என்பது விளங்கும். எந்த ஊர் வாசகரிடம் எந்தப் பெயரைச் சொன்னால் ஐயம் பற்றிக்கொள்ளும் என்று தெரிந்த கை எழுதிய கடிதம் அது.

இரண்டு ஆண்டு உறக்கம்

இருந்தும் 1983இல் அந்தக் கடிதம் எடுபடவில்லை. அச்சான சில நாட்களில் மறக்கப்பட்டது. அது மீண்டும் எழுந்தது 1985இல். அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி., பல்கேரிய உளவுத்துறைக்கு அனுப்பிய தந்தி ஒன்று பின்னாளில் சோஃபியா ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. எய்ட்ஸ் அமெரிக்க உளவுத்துறையும் பென்டகனும் நடத்திய ரகசிய ஆயுதச் சோதனைகள் கைமீறிப்போனதன் விளைவு என்ற கருத்தை வெளிநாடுகளில் உருவாக்குவதே நோக்கம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வளரும் நாடுகளின், குறிப்பாக இந்தியாவின் பத்திரிகைகளில் இதற்கான தகவல்கள் ஏற்கெனவே வந்துவிட்டன என்றும் அந்தத் தந்தி சுட்டிக்காட்டுகிறது. தோழமை நாட்டு உளவாளிகளிடம் பேசும்போதுகூட கே.ஜி.பி.க்கு ஓர் இந்தியப் பத்திரிகையின் மேற்கோள் தேவைப்பட்டிருக்கிறது.

1985 அக்டோபர் 30 அன்று ‘லிதரத்தூர்னயா கஸெத்தா’வில் வலெந்தின் ஸபேவலோவ் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. அதற்கு ஆதாரம் டெல்லி ‘பேட்ரியட்’. மதிப்புக்குரிய இந்திய நாளிதழ் என்ற அடைமொழியோடு அது காட்டப்பட்டது. இங்கே நடந்த மாற்றம் நுட்பமானது. 1983இல் பேசியவர் பெயரில்லாத ஒரு மனிதர். 1985இல் பேசுவது ஒரு நாளிதழ், அதுவும் பனிப்போரில் எந்த அணியிலும் சேராத ஒரு பெரிய நாட்டின் நாளிதழ். குற்றச்சாட்டோடு ஒரு புதிய தகவலும் சேரவில்லை. சொல்பவரின் தகுதி மட்டும் உயர்ந்திருந்தது. மாஸ்கோவே நேரடியாகச் சொல்லியிருந்தால் பிரச்சாரம் என்று ஒதுக்கியிருப்பார்கள். டெல்லி சொன்னதை மாஸ்கோ எடுத்துச் சொல்லும்போது, அதை அயல்நாட்டுச் செய்தியாக எண்ணவைக்க முடிந்தது.

அடுத்துத் தேவைப்பட்டது விஞ்ஞானத்தின் முத்திரை. கிழக்கு பெர்லினின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றிருந்த உயிர் இயற்பியல் பேராசிரியர் யாகோப் செகால் அதைக் கொடுத்தார். ஆடுகளைத் தாக்கும் விஸ்னா வைரஸையும் மனிதரைத் தாக்கும் எச்.டி.எல்.வி.-1 வைரஸையும் 1977இல் ஃபோர்ட் டெட்ரிக்கில் ஒட்டவைத்து எய்ட்ஸ் கிருமியை உருவாக்கினார்கள், கைதிகள் மீது சோதித்தார்கள், விடுதலையானவர்கள் வழியாக அது நியூயார்க்கில் பரவியது என்பது அவர் கட்டிய கதை. 1986இல் ஹராரேயில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தபோது இந்த வாதத்தைச் சொல்லும் ஒரு பிரசுரம் அங்கே விநியோகிக்கப்பட்டது. நோய்க்கு ஆப்பிரிக்காவே பிறப்பிடம் என்று மேற்கத்திய நாடுகள் சொல்வதைக் கேட்டுக் கொதித்திருந்த ஆப்பிரிக்கப் பிரதிநிதிகளுக்கு அது ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை. விஞ்ஞானமாகப் பார்த்தால் வாதம் நிற்கவில்லை. 1977இன் தொழில்நுட்பத்தால் அப்படியொரு வைரஸைத் தைக்க முடியாது. எச்.ஐ.வி.யின் மரபணு வரிசையை 1985இலேயே வெளியிட்டுவிட்டார்கள்; அது அந்த இரண்டு வைரஸ்களின் ஒட்டுவேலை அல்ல. கின்ஷாசாவில் 1959இல் எடுத்துச் சேமித்த ரத்தத்திலேயே எச்.ஐ.வி. இருந்தது. சிம்பன்சிகளிடமிருந்து அது மனிதருக்குத் தாவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், மத்திய ஆப்பிரிக்காவில் என்பது இன்றைய முடிவு. அப்போதே சோவியத் நாட்டின் முன்னணி வைரஸ் நிபுணர் விக்தர் ஸ்தானவும் கிழக்கு ஜெர்மனியின் எய்ட்ஸ் ஆலோசகர் நீல்ஸ் சொன்னிக்சனும் ஆய்வகக் கதையை ஏற்கவில்லை. சொந்த முகாமின் நிபுணர்களே மறுத்த ஒன்றை எதிர் முகாமின் பத்திரிகைகள் ஏந்திக்கொண்டன.

எல்லை தாண்டிய இடம்

1986 அக்டோபர் 26 அன்று லண்டன் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ இதை முதல் பக்கத்தில் போட்டது. அது பழமைவாதிகளின் பத்திரிகை. கம்யூனிசத்தை வெறுக்கும் வாசகர்களைக் கொண்டது. செகாலின் கருத்தோடு, ஆய்வகத் தோற்றத்தை நம்பிய லண்டன் மருத்துவர் ஒருவரின் கருத்தும் சேர்ந்து செய்தியானது. உடனே சோவியத் ஊடகங்கள் ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ஸை மேற்கோள் காட்டத் தொடங்கின. இப்போது ஆதாரம் பிரிட்டனின் வலதுசாரிப் பத்திரிகை. இதைப் போய் யார் மாஸ்கோவின் சூழ்ச்சி என்று சொல்வார்? 1987 பிப்ரவரியில் மேற்கு பெர்லினின் இடதுசாரி நாளிதழ் ‘தாட்ஸ்’, நாவலாசிரியர் ஸ்டெஃபான் ஹைம் செகாலோடு நடத்திய நேர்காணலை வெளியிட்டது. ஹைம் கிழக்கு ஜெர்மன் அரசோடு மோதிய எழுத்தாளர். அவர் கேள்வி கேட்கிறார் என்பதே அந்தக் கதைக்கு ஒரு நற்சான்றிதழாகிவிட்டது. வலதும் இடதும் ஆளுக்கொரு காரணத்துக்காக ஒரே கதையைச் சுமந்தன. ஒன்றுக்குப் பரபரப்பு வேண்டியிருந்தது. மற்றதற்குப் பென்டகன் மீதான கோபத்தை வெளிப்படுத்த ஒரு வழி வேண்டியிருந்தது.

1987 மார்ச் 30 அன்று சி.பி.எஸ். மாலைச் செய்தியில் டான் ராதர் அதைச் சில வாக்கியங்களில் வாசித்தார். எய்ட்ஸ் வைரஸ் அமெரிக்க ராணுவ ஆய்வகத்திலிருந்து கசிந்தது என்று ஒரு சோவியத் ராணுவ வெளியீடு கூறுகிறது. உறுதியான ஆதாரம் எதையும் அது தரவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த பெயர் குறிப்பிடாத விஞ்ஞானிகளின் முடிவு என்கிறது. இதுதான் சாரம். இந்த வாசிப்பில் ஒரு பொய்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். சோவியத் வெளியீடு அப்படிக் கூறியது உண்மை. ஆதாரம் தரவில்லை என்பதும் உண்மை, அதையும் சொல்லிவிட்டார்கள். உண்மையான வாக்கியங்களாலேயே ஒரு பொய்யை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆதாரம் இல்லை என்ற எச்சரிக்கை ஒரு நொடியில் காதைக் கடந்துபோகும். ராணுவ ஆய்வகம், கசிவு, எய்ட்ஸ் என்ற மூன்றும்தான் நினைவில் நிற்கும். பார்த்துக்கொண்டிருந்தவர் மறுநாள் அலுவலகத்தில், இதை சி.பி.எஸ்.ஸில் சொன்னார்கள் என்றுதான் பேசியிருப்பார். அந்தப் பேச்சில் சோவியத் வெளியீடு காணாமல் போய்விடும்.

மேற்கோள் சங்கிலியின் இயல்பே இதுதான். டெல்லி, மாஸ்கோ, கிழக்கு பெர்லின், ஹராரே, லண்டன், மேற்கு பெர்லின், நியூயார்க் என்று ஏழு நகரங்களின் பெயர் சேர்ந்ததும், ஏழு இடங்களிலிருந்து ஒரே முடிவு வந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஆலமரத்தின் விழுதுகளைத் தூரத்திலிருந்து பார்த்துத் தோப்பு என்று எண்ணுவதைப் போன்ற மயக்கம் அது. எந்தப் பத்திரிகையும் ஃபோர்ட் டெட்ரிக்கின் ஆவணம் ஒன்றையோ, அங்கே வேலைபார்த்த ஒருவரின் வாக்குமூலத்தையோ, ஓர் ஆய்வகக் குறிப்பையோ புதிதாகக் கொண்டுவரவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முன் எழுதியதைக் காட்டி ஒதுங்கிக்கொண்டது. சங்கிலி நீள நீள, நம்பகத்தன்மை கூடியதாகத் தெரிந்தது. ஆனால் முதல் கண்ணியில் இருந்தது அதே பெயரில்லாத கடிதம்தான்.

சென்னையில் வேறொரு வழி

இதே ஆண்டுகளில் எய்ட்ஸ் பற்றிய ஓர் உண்மைச் செய்தி எப்படிப் பிறந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை வசதி சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தது. அதோடு அவர்கள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுவிடவில்லை. வேறு முறையில் உறுதிசெய்ய மாதிரிகள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. முடிவு ஒத்துப்போன பிறகே, 1986இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் இருக்காது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அந்த அறிவிப்பு கசப்பானது. அது நிலைத்ததற்குக் காரணம், இரண்டாவது சோதனை முதலாவதின் மேற்கோளாக இல்லாமல் தனிச் சோதனையாக இருந்ததுதான். ஹாப்கின்ஸ் ஆய்வகம் வேலூரின் தாளைப் படித்துவிட்டு ஆமோதிக்கவில்லை. ரத்தத்தை மறுபடியும் சோதித்தது. ஃபோர்ட் டெட்ரிக் கதையைச் சுமந்த பத்திரிகைகளில் எதுவும் செய்யாத வேலை அது. ஹாப்கின்ஸ் இருக்கும் பால்டிமோரும் ஃபோர்ட் டெட்ரிக் இருக்கும் அதே மேரிலாண்ட் மாநிலத்தில்தான் இருக்கிறது என்பது உபரித் தகவல்.

எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. அரசுகள் உண்மையிலேயே இப்படிப்பட்ட கொடுமைகளைச் செய்திருக்கின்றன. விளிம்பில் எழும் ஐயங்களைப் பத்திரிகைகள் ஒதுக்கினால் அதிகாரத்துக்குத்தானே வசதி? அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்தது இதற்குச் சாட்சி. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சையில்லாமல் கவனித்துக்கொண்டே இருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அப்படிச் செய்த அரசு வைரஸையும் செய்திருக்கும் என்று ஒரு கறுப்பின அமெரிக்கர் எண்ணினால் அதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. ஆனால் டஸ்கீகி வெளியே வந்த விதத்தைப் பாருங்கள். அத்துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் உள்ளே பலமுறை ஆட்சேபித்துப் பயனில்லாமல், தன்னிடமிருந்த ஆவணங்களைக் கொடுத்தார். அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர் அவற்றை வைத்து அதிகாரிகளிடம் கேட்டு உறுதிசெய்து 1972 ஜூலையில் எழுதினார். பெயருள்ள சாட்சி, படிக்கக்கூடிய ஆவணம், சம்பந்தப்பட்டவர்களின் பதில் எல்லாம் அந்தச் செய்திக்குப் பின்னால் இருந்தன. ஐயத்தை விசாரிப்பதும் ஐயத்தை எடுத்துச் சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. அதோடு, பொய்யான ஃபோர்ட் டெட்ரிக் கதைக்கு உண்மையான டஸ்கீகி முட்டுக்கொடுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. அரசு ரகசியமாகச் செய்த அநியாயம், தான் செய்யாத அநியாயத்துக்கும் நம்பகத்தன்மையைத் தந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மேற்கோள் வழியாகப் பரவியதெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1979 ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்கில் ஆந்த்ராக்ஸ் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராணுவ ஆய்வகத்தில் விபத்து என்ற செய்தியை முதலில் வெளியிட்டது, மேற்கு ஜெர்மனியில் நாடுகடந்து வாழ்ந்த ரஷ்யர்கள் நடத்திய சிறு பத்திரிகை. அங்கிருந்துதான் அது பெரிய பத்திரிகைகளுக்கு ஏறியது. கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று மாஸ்கோ சாதித்தது. 1992இல் அதிபர் போரிஸ் யெல்ட்சின் ராணுவத்தின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். மறுபுறம், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் ஆதரவுப் படைகள் ‘மஞ்சள் மழை’ என்னும் நச்சைத் தூவுவதாக 1981இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாண்டர் ஹேக் குற்றம்சாட்டினார். அமெரிக்காவின் முன்னணிப் பத்திரிகைகளில் அது பெரிதாகப் பேசப்பட்டது. அந்த மஞ்சள் துளிகள் தேனீக்களின் எச்சம் என்று ஹார்வர்டு உயிரியலாளர் மேத்யூ மெசல்சனும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஆக, விளிம்புப் பத்திரிகை சொன்னது மெய்யானதும் உண்டு, வெளியுறவுச் செயலர் சொன்னது நிற்காமல் போனதும் உண்டு.

இதை மறுக்கத் தேவையில்லை. இது என் வாதத்தையே கூர்மைப்படுத்துகிறது. ஒரு கூற்று எங்கே பிறந்தது என்பது அதன் உண்மையை முடிவுசெய்யாது. பயணத்தின் வழியில் புதிய சான்று எதுவும் சேர்ந்ததா என்பதே முடிவுசெய்கிறது. மெசல்சன் முதலில் இறைச்சி விளக்கம் நம்பத்தக்கது என்றுதான் கருதியிருந்தார். 1992இல் அவருடைய குழு ஸ்வெர்த்லோவ்ஸ்குக்கே போய், இறந்தவர்கள் வேலைபார்த்த, வாழ்ந்த இடங்களை வரைபடத்தில் குறித்தது. அவை ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக விழுந்தன. உள்ளூர் மருத்துவர்கள் பத்திரமாக வைத்திருந்த திசு மாதிரிகள், நோய் மூச்சுவழியே நுழைந்ததைக் காட்டின. ஸ்வெர்த்லோவ்ஸ்க் கதை ஒவ்வொரு ஆண்டும் சான்றால் கனத்தது. ஃபோர்ட் டெட்ரிக் கதை ஒவ்வொரு ஆண்டும் மேற்கோளால் மட்டும் பருத்தது.

மூன்றாவது மறுப்பு: எல்லாவற்றுக்கும் பின்னால் கே.ஜி.பி. இருந்தது என்பதும் ஒரு சதிக் கோட்பாடுதானே? நியாயமான கேள்வி. அதே அளவுகோலை இங்கும் வைக்க வேண்டும். 1985 முதல் நடந்த பிரச்சாரத்துக்குப் பல்கேரியக் காப்பகத்தின் தந்தி இருக்கிறது. ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவர் யெவ்கேனி பிரிமக்கோவ் 1992இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் இருக்கிறது. 1983 கடிதத்தைப் பொறுத்தவரை சூழ்நிலைச் சான்றுகள் மட்டுமே வலுவாக உள்ளன. செகாலுக்குப் பின்னால் கிழக்கு ஜெர்மன் உளவுத்துறையான ஸ்டாசி எந்த அளவுக்கு இருந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதுகிறார்கள். அவர் தன் கதையைத் தானே மனமார நம்பியவர், உளவுத்துறை தன் சாதனையாகப் பின்னர் பெருமையடித்துக்கொண்டது என்று ஒரு தரப்பு எழுதுகிறது. ஸ்டாசி கோப்புகளைக் காட்டி மற்றொரு தரப்பு மறுக்கிறது. சான்று எவ்வளவோ அவ்வளவே முடிவு என்று இப்படி அடுக்குகளைப் பிரித்துச் சொல்ல முடிவதுதான், வரலாறு சதிக் கதையிலிருந்து வேறுபடும் இடம்.

மறுப்புக்குக் கால் முளைக்கவில்லை

1987 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத்துறை இந்தப் பிரச்சாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மாஸ்கோ வந்த வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் மிகயில் கோர்பச்சேவ் அந்த அறிக்கையைப் பற்றிக் கோபத்தோடு முறையிட்டார். ஆனால் அதே மாதம் 30ஆம் தேதி ‘இஸ்வெஸ்தியா’ நாளிதழில் ரோல்ட் சாக்தேயவ், விதாலி கோல்தான்ஸ்கி என்னும் இரண்டு முன்னணி அறிவியலாளர்கள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து சோவியத் அறிவியல் கழகத்தை விலக்கிக்கொண்டார்கள். ஸபேவலோவின் கட்டுரை வெளியாகிச் சரியாக இரண்டு ஆண்டுகள். எண்பது நாடுகளுக்குப் போன செய்தியின் பின்னாலேயே மறுப்பும் எண்பது நாடுகளுக்குப் போகவில்லை. போக வழியும் இல்லை: குற்றச்சாட்டு என்பது எந்தப் பத்திரிகைக்கும் புதுச் செய்தி, மறுப்போ, அந்தக் குற்றச்சாட்டைத் தான் அச்சிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டிய பத்திரிகைக்கு மட்டுமே கடமை. அந்தக் கடமையை ‘தாட்ஸ்’ நிறைவேற்றி வருத்தம் தெரிவிக்க 2010 ஆயிற்று.

சோவியத் மண்ணிலேயே விளைவு கசப்பாக இருந்தது. எய்ட்ஸ் என்றால் அமெரிக்க ஆயுதம், மேற்கின் ஒழுக்கக்கேடு என்று குடிமக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், 1988இல் கல்மீக்கியாவின் எலிஸ்தா நகர மருத்துவமனையில் சுத்தம் செய்யாத ஊசிகள் வழியாக ஏராளமான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரியவந்தது. அமெரிக்காவிலோ, பனிப்போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் கதை உயிரோடு இருந்தது. 500 கறுப்பின அமெரிக்கர்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய பாதிப்பேர் எச்.ஐ.வி. மனிதரால் செய்யப்பட்டது என்றார்கள். கால்வாசிக்கும் மேற்பட்டோர் அரசு ஆய்வகத்தில் உருவானது என்றார்கள். இத்தகைய நம்பிக்கை வலுவாக இருந்த ஆண்கள் ஆணுறையைத் தொடர்ந்து பயன்படுத்துவது குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு கண்டது. இதற்கு முழுக்காரணம் கே.ஜி.பி. என்று சொன்னால் அது தவறு. டஸ்கீகியின் பங்கு அதில் பெரிது. ஆனாலும் உண்மையான காயத்துக்கு மேல் பூசப்பட்ட பொய் மருந்து, காயத்தை ஆற்றவில்லை, நோயைத்தான் பரப்பியது.

பத்திரிகைத் தொழிலுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது, கடைப்பிடிக்கக் கடினமானது. ஒருவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கதை ஊர் ஊராகப் போனது. சோவியத் அரசு அப்படிச் சொன்னதே ஒரு செய்திதானே என்று சி.பி.எஸ். தரப்பில் வாதிடலாம். சரிதான், ஆனால் அப்போது செய்தியின் பொருள் சோவியத் பிரச்சாரம், வைரஸின் பிறப்பு அல்ல. அந்தச் செய்தியை எழுத, மாஸ்கோ இதை எங்கிருந்து எடுத்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். விடை ஒளிந்திருக்கவில்லை, ‘லிதரத்தூர்னயா கஸெத்தா’வே ‘பேட்ரியட்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த நூலைப் பிடித்து டெல்லி வரை வந்திருந்தால் கையெழுத்தில்லாத கடிதத்தில் போய் நின்றிருப்பார்கள். மேற்கோள் காட்டுவது நடுநிலை ஆகாது. அது மேற்கோளைத் தொடங்கிவைத்தவருக்குச் செய்யும் உதவி. எத்தனை பத்திரிகைகள் எழுதின என்ற எண்ணிக்கையை ஆதாரமாகக் கொள்ளாமல், எத்தனை பேர் தாங்களே போய்ப் பார்த்தார்கள் என்று எண்ணும் பழக்கம் செய்தி அறைக்கும் வேண்டும், வாசகருக்கும் வேண்டும். ஃபோர்ட் டெட்ரிக் கதையில் அந்த இரண்டாவது எண் பூஜ்யம்.

அப்படியானால், மேற்கோளின் முதல் கண்ணியே மதிப்புமிக்க ஓர் அறிவியல் இதழாக இருந்தால் என்ன ஆகும்? 1998 பிப்ரவரியில் லண்டன் ‘லான்செட்’ இதழில் 12 குழந்தைகளைப் பற்றி வந்த ஐந்து பக்கக் கட்டுரை தடுப்பூசியின் மீது எழுப்பிய அச்சத்தையும், அது திரும்பப்பெறப்பட 12 ஆண்டுகள் ஆனதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)